பூவென்று நினைத்தால் ஆறு: குறுக்கெழுத்துக் குறிப்பை அவிழ்க்கும் விதம்

பேனை வேண்டாம், பென்சிலும் அழிறப்பரும் எடுங்கள்.

பொருளை மறைத்துச் சொல்லும் ஆங்கில ‘கிரிப்டிக்’ குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் பெரும்பாலும் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். மிச்சமெல்லாம் சொல் விளையாட்டு. முதலில் அந்த முனையைப் பிடியுங்கள். வாசகம் காட்டும் காட்சியை நம்பாதீர்கள். ‘ஃப்ளவர்’ என்று கண்டதும் பூவைத் தேடி மாய்வோர்தான் அதிகம். ‘ஃப்ளோ’ என்றால் ஓடுதல். ஓடுவதையும் அதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள், உச்சரிப்பு மட்டும் வேறு. அந்தக் கணக்கில் கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி ஆறும் ஒரு ‘ஃப்ளவர்’!

இந்தக் குறும்பு தமிழிலும் செல்லும். ‘ஓட்டைக்கு முன்னால் மா வைத்தால் பழம் (3)’: மா, துளை, மாதுளை. அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக்கட்டம் உண்டு. அதை எண்ண மறந்தால் எல்லாம் பிசகும்.

‘திருகோணமலைப் பக்கத்து ஊர் (4)’ என்றால் அவசரம் கூடாது. கிண்ணியா, கன்னியா, நிலாவெளி மூன்றுக்கும் நாலே கட்டம். கடைசியில் ‘யா’ விழுந்தாலும் கிண்ணியாவும் கன்னியாவும் பிரியாது. குறுக்கே வெட்டும் சொல் முதல் மூன்று கட்டத்தில் ஒன்றைத் தரும்வரை பொறுங்கள். குறிப்பில் ‘வெந்நீர்’ இருந்தால் வெந்நீரூற்று உள்ள கன்னியாவேதான்.