பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது மாத்திரை இரட்டிக்காமல் பார்ப்பது எப்படி

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மாரடைப்புக்குச் சேர்ந்து தேறிய சர்க்கரை நோயாளி ஒருவர் பாபநாசம் பக்கத்து ஊருக்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு வழியில் மாத்திரை வந்துகொண்டிருக்கும்: வீட்டுக்கே மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் தருவது ஒன்று, கும்பகோணத்து டாக்டர் எழுதி மெடிக்கலில் வாங்கியது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரைக் கவர் மூன்றாவது. ஒரே மருந்து மூன்றிலும் வேறு வேறு உருவில் இருக்கும்.

எளிதில் இரட்டிக்கக்கூடியது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மருந்து. வெளி மெடிக்கலில் அது பெரும்பாலும் மெட்பார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு சேர்ந்த ஒரே மாத்திரை; அரசு ஆஸ்பத்திரிக் கவரில் தனித்தனி. இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை சரசரவென இறங்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அப்படித்தான். இவை இரண்டையும் கொழுப்பு மருந்தோடு சேர்த்து அடைத்த கேப்சூல் உண்டு. தனி மாத்திரைகளோடு அதையும் போட்டால் இரத்தக்கசிவு வரலாம்.

ஆகவே அட்மிஷன் அன்றே பழைய மாத்திரைகளை அட்டையோடு பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் அன்று மூன்று கேள்வி: எது புதிது, எது அளவு மாறியது, எதை நிறுத்தியாயிற்று? மூன்றாவதுதான் சீட்டில் எழுதாமல் விடுபடுவது. கேட்டு எழுதி வாங்குங்கள். உதிரி மாத்திரைக் கவரில் பெயர், மி.கி., வேளை மூன்றையும் அங்கேயே குறியுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் பரப்பி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிடுங்கள். நிறுத்தியவற்றைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். சந்தேகம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் (இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் திடீரென நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம்.

தன்னார்வலர் தருவது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவின்படி. பெரியாஸ்பத்திரி அளவை மாற்றியது அங்கே தானாகப் போய்ச் சேராது. அடுத்த முறை மாத்திரை வருவதற்குள் டிஸ்சார்ஜ் சீட்டை அங்குள்ள டாக்டரிடம் காட்டிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். தன்னார்வலரைக் கோபித்துப் பயனில்லை.

வியர்வை, நடுக்கம், உளறல் வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுங்கள். நினைவு தப்பியவர், விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, தெளிந்தபின்னும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் அதிகம். அதனால் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். அடுத்த டாக்டர் அதிலேதான் எழுதுவார். போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.