கொக்லியர் பொருத்துவதா வேண்டாமா: கையெழுத்துப் போட முதல்

பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று டொக்டர் சொன்ன கிழமையே வெள்ளவத்தை வீட்டுக்கு மாமிமார் வரத் தொடங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு தீர்ப்போடு. "உடனே ஒப்பரேஷன் செய்து காதுக்குள்ள கொக்லியர் கருவியைப் பொருத்துங்கோ" என்பவர் ஒருவர், "அஞ்சு வயசில தானாக் கதைக்கும், எங்கட பெரியப்பாவும் அப்பிடித்தான்" என்பவர் இன்னொருவர். இரண்டாமவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எந்த மொழியும் கிடைக்காமல் போகும் மாதங்கள்தான் பிள்ளைக்கு உண்மையான நட்டம்.

அதனால் முதல் வேலை, இப்போதே வீட்டில் எல்லோருமாகச் சைகை மொழி பழகத் தொடங்குவது. ஒப்பரேஷன் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. சைகை பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். பழைய பயம் அது: 1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு பேச்சுமுறையே சிறந்தது என்று தீர்மானித்துச் சைகையை வகுப்பறையிலிருந்து விரட்டியது, 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

அடுத்தது, சத்தத்தை மின்துடிப்பாக்கிக் கேட்கும் நரம்புக்கு அனுப்பும் இந்தக் கொக்லியர் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது மூக்குக்கண்ணாடி மாதிரிப் போட்டவுடன் சரியாகிற சாமான் இல்லை. உள்காதின் நத்தைச் சுருளுக்குள் மின்வாய்களைச் செருகுவார்கள், சில கிழமை கழித்துத்தான் காதுக்கு வெளியே மாட்டும் வெளிக்கருவியை இயக்குவார்கள், பிறகு வருடக்கணக்கில் கருவியின் அளவு திருத்தலும் பேச்சுப் பயிற்சியும். மிச்சமிருக்கும் கொஞ்சக் கேள்திறனும் போகலாம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் உள்ள கட்டுப்பாடு பற்றியும் கட்டாயம் கேளுங்கள். வெளிக்கருவியைக் கழற்றினால் பிள்ளைக்குப் பழையபடி கேட்காது.

டொக்டரிடம் எல்லோரும் விலையைக் கேட்பார்கள். நீங்கள் இதையும் கேளுங்கள்: பேச்சுப் பயிற்சியைத் தமிழில் தருவது யார், எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை? கொழும்பில் இது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி ஒரு மொழியில், அம்மம்மா கதைப்பது இன்னொரு மொழியில் என்றால் கஷ்டப்படுவது பிள்ளைதான். வெளிக்கருவி உடைந்தால் என்ன செலவாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், வளர்ந்த காது கேளாதவர்களைச் சந்தியுங்கள். கொழும்புக்குப் பக்கத்திலேயே, இரத்மலானையில், 1912இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே படித்து வந்தவர்களை விசாரித்துப் பிடிக்கலாம். பொருத்திச் சந்தோஷமாக இருப்பவர், கழற்றி லாச்சிக்குள் போட்டவர், வேண்டாம் என்றே வாழ்பவர், மூன்று பேரிடமும் கதையுங்கள். டொக்டர் சொல்லாதது அங்கே கிடைக்கும்: வேலை, கலியாணம், சைகையில் விடிய விடிய அடிக்கும் அரட்டை.

நீங்களே சைகையோடு வளர்ந்தவர், கலியாணப் பேச்சு வந்ததும் வீட்டார் நெருக்குகிறார்கள் என்றால்: பிறவியிலிருந்தே கேட்காதவர் வளர்ந்தபின் பொருத்தினால் சத்தம் கேட்கலாம், ஆனால் பேச்சு விளங்குவது பெரும்பாலும் மட்டாகத்தான் இருக்கும். "வேண்டாம்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை. விருப்பப்பட்டுப் பொருத்தினால், கேளாத கூட்டாளிகள் முறைப்பார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்.

பொருத்திய பிள்ளை பன்னிரண்டு வயதில் கழற்றி வைக்கிறதா? கத்தாதீர்கள். வெளிக்கருவியைத் தலையில் பிடித்து வைக்கும் காந்தம் அழுத்திப் புண்ணாகிவிட்டதா, அளவு பிழைத்துவிட்டதா, கன்டீன் இரைச்சலில் தலை இடிக்கிறதா என்று சைகையிலேயே கேளுங்கள். எல்லாம் திருத்தியும் வேண்டாம் என்றால், கருவி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.