ஓவனில் காய்கறி சிப்ஸ், தொட்டுக்கொள்ள சுட்ட பூண்டுத் தயிர்

100 கிராம் கேரட்டில் ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர். பீட்ரூட்டும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 77 கிராம் இருக்கும். சிப்ஸ் செய்வது என்றால் இந்தத் தண்ணீரை வெளியேற்றுவதுதான், மற்றதெல்லாம் அப்புறம். காய்ந்த எண்ணெய் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஓவனில் இருப்பது வெறும் சூடான காற்று, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு 200 டிகிரியில் வைத்தால் ஓரம் கருகும், நடுப்பகுதி சவ்வு மாதிரி இழுக்கும். பீட்ரூட்டிலும் கேரட்டிலும் சர்க்கரை அதிகம் என்பதால், காய்வதற்கு முன்பே நிறம் மாறிவிடும்.

எங்கள் வீட்டில் சாயங்காலக் காபிக்கு அத்தைக்கு மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும். “எண்ணெய்ச் சட்டியே வைக்காம எப்படிம்மா சிப்ஸ் வரும்?” என்று கேட்டவர், இப்போது பாகற்காய் சிப்ஸ் தீர்ந்தால் முதலில் கேட்பவர். 250 கிராம் காய்க்கு இரண்டு டீஸ்பூன் கடலெண்ணெய்தான் செலவு.

எந்தக் காய் எடுப்பது? பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பாகற்காய் இந்த நான்கும் ஓவனுக்கு நன்றாக ஒத்துழைக்கும். வாழைக்காயை நான் ஓவனில் வைப்பதே இல்லை. எண்ணெயில் அது பெறும் மொறுமொறுப்பு ஓவனில் வராது, கடித்தால் பல் வலிக்கும் அளவுக்கு இறுகிவிடும். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகச் சீவி வைக்காதீர்கள். அதில் சயனைடு உருவாக்கும் பொருள் இருப்பதால் தோலை நன்றாக நீக்கி, துண்டாக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே எதற்கும் எடுக்க வேண்டும். சேனைக்கிழங்கு என்றால் புளித்தண்ணீரில் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். முதல்முறை செய்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

கத்தியால் நறுக்கினால் ஒரு வில்லை தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் வரும். மெல்லியது கருகும்போது தடியானது வெந்துகொண்டிருக்கும். அதனால் சிப்ஸ் சீவும் கட்டை இருந்தே ஆக வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம் சரி. வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். கேரட்டை மட்டும் சாய்வாகப் பிடித்து நீள்வட்டமாகச் சீவுங்கள். காயும்போது அது பாதியாகச் சுருங்கிவிடும், சின்ன வட்டமாகச் சீவினால் கடைசியில் காசளவுதான் மிஞ்சும். ஊட்டி கேரட் கிடைத்தால் அதையே எடுங்கள், நிறமும் இனிப்பும் நன்றாக இருக்கும்.

அடுத்தது ஈரத்தை எடுப்பது. பீட்ரூட், பாகற்காய் வில்லைகளில் அரை டீஸ்பூன் உப்பு பிசிறி 15 நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளேயிருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும். பாகற்காய்க்கு விதையை எடுத்துவிட்டு ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்ப்பேன். அப்புறம் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி மெதுவாகப் பிழிய வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு உப்பு வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். மேலே ஒட்டியிருக்கும் மாவு கழுவிக்கொண்டு போனால்தான் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கேரட்டுக்கு எதுவும் தேவையில்லை. எல்லாவற்றையும் பழைய பருத்தி வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு ஒற்றி எடுங்கள். விரலில் ஈரம் ஒட்டாத வரை ஒற்ற வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால், ஓவனில் இருபது நிமிடம் கூடுதலாகப் போகும். பீட்ரூட்டுக்குத் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சாயம் லேசில் போகாது.

பிறகு எண்ணெய். கிண்ணத்தில் போட்டு இரண்டு கையாலும் பிசறி, ஒவ்வொரு வில்லையிலும் மினுமினுப்பு தெரியும்படி செய்தால் போதும். மிளகாய்த்தூளை இப்போது போடாதீர்கள், அது கருகிக் கசக்கும். பேக்கிங் தாள் விரித்த ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், சூட்டில் மெழுகு உருகிப் புகையும்.

ஒவ்வொரு காய்க்கும் தனி ட்ரே. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கேரட் 130 டிகிரியில் 40 நிமிடம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு அதே சூட்டில் 50 நிமிடம் வரை, பீட்ரூட் 140 டிகிரியில் 45 நிமிடம், பாகற்காய் 150 டிகிரியில் 35 நிமிடம். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி சூடாகும் என்பதால் இதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு கடைசி 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். நடுத்தட்டில் வைத்து, ஃபேன் இருந்தால் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தால் குப்பென்று ஆவி வெளியேறும். அந்த ஆவி உள்ளேயே நின்றால் சிப்ஸ் வேகுமே தவிர காயாது. பாதி நேரம் ஆனதும் வில்லைகளைத் திருப்பிப் போட்டு, ட்ரேயையும் முன்பின்னாக மாற்றுங்கள்.

எப்போது எடுப்பது? ஓரம் சுருண்டு, நடுவில் இருக்கும் கரும் ஈரத் திட்டு மறைந்ததும். ஒன்றை எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு உடையுங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் உண்மை தெரியும். படக்கென்று உடைந்தால் சரி. வளைந்தால் இன்னும் ஐந்து நிமிடம். ரொம்பச் சிவக்க விடக்கூடாது என்பதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. மாவுச்சத்துள்ள கிழங்குகளை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது உடலுக்குக் கேடு தரக்கூடிய அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தார்கள். பொரித்தாலும் பேக் செய்தாலும் இது பொருந்தும், கருக்கக் கருக்க அளவு கூடும். இளம்பொன் நிறத்தில் நிறுத்திவிடுங்கள்.

அடுப்பை அணைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து பத்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிளகுத்தூள், வறுத்த சீரகப் பொடி, துளி பெருங்காயத்தூள் தூவுவேன். உப்பில் ஊறாத கேரட்டுக்கும் கிழங்குக்கும் மட்டும் உப்பு.

டிப்புக்குத் தயிர் கெட்டியாக இருக்க வேண்டும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, அதில் உறைய வைத்தால் வெண்ணெய் மாதிரி வழவழப்பு வரும். அரைக் கிலோ தயிரை மெல்லிய துணியில் மூட்டை கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் நாலு மணி நேரம் வடியவிடுங்கள். பாதியாகக் குறைந்திருக்கும். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

பூண்டைப் பச்சையாகப் போட்டால் காரம் முன்னே நிற்கும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். ஒரு முழுப் பூண்டின் தலையைச் சீவி, சில துளி எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் சுற்றி 180 டிகிரியில் 40 நிமிடம் சுடுங்கள். சிப்ஸுக்கு முன்பே இதை முடித்தால் ஓவனும் சூடாகியிருக்கும், சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். அழுத்தினால் பற்கள் பழுப்பு நிறக் களிம்பாகப் பிதுங்கி வரும், வாசனை வீடு முழுக்கப் பரவும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள், அதன் மணமே தனி.

வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய பத்து முந்திரியையும் இந்தப் பூண்டையும் மைய அரைத்து, வடித்த தயிரில் கரண்டியால் கலக்குங்கள். தயிரை மிக்ஸியில் போட்டால் நீர்த்துவிடும். பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, மிளகு, அரை எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். உப்பைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள், முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

சிப்ஸ் நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். மழைக்காலத்தில் அன்றே சாப்பிடுவது நல்லது. நமுத்துப்போனால் 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும். டிப் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், மீந்ததைச் சப்பாத்தியில் தடவி வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள்.