கோடியக்கரையில் சைக்கிள்: மேடு இல்லை என்று ஏமாறாதீர்கள்

கோடியக்காட்டு டீக்கடை வாசலில் போன தை மாதம் நான்கு இளைஞர்களைப் பார்த்தேன். புத்தம்புது கியர் சைக்கிள்கள், கேரியரில் கூடாரப் பை. ஒருவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வேதாரண்யத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் வந்தோம் என்று கைபேசியைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்துகொண்டிருந்தார்கள். டீ தீரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. அங்கே சொன்னது போக மிச்சம் இருந்ததுதான் இது.

தொப்பி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார்.

போகும்போது கிடைத்த வேகத்தை நம்புவது

வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில், வனவிலங்கு, பறவைகள் சரணாலயம் இருக்கும் கோடியக்கரை. அகஸ்தியன்பள்ளியைத் தாண்டினால் உப்பளங்கள். ரோடு உள்ளங்கைபோலத் தட்டையாகக் கிடக்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து நடந்தே வந்தவர்கள் உப்பெடுத்த இடம் அது. அங்கிருக்கும் நினைவுத்தூண் அருகே சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வரலாற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. காற்று உடம்பின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்று அங்கேதான் தெரியும்.

பறவைகள் வரும் கார்த்திகை முதல் தை வரை அங்கே வீசுவது வாடையும் கொண்டலும், அதாவது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் காற்று. தெற்கே போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். நம் காலுக்கு இவ்வளவு பலமா என்று தோன்றும். சாயங்காலம் அதே ரோட்டில் வடக்கே திரும்பும்போது உண்மை தெரியும். உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மலை என்றால் ஏறியபின் இறக்கம் வரும், எதிர்காற்றில் அப்படி எதுவும் வராது. நாற்பது நிமிடத்தில் போன தூரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் மிதித்திருக்கிறேன்.

விடியலில் காற்று அடங்கியிருக்கும்போதே புறப்படுங்கள். திரும்புவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக, முறைவைத்து முன்னால் போங்கள்.

முள்ளை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் ஒட்டுவது

சீமைக்கருவேல முள் டயரில் ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கும். டீக்கடை வாசலில் பஞ்சர் ஒட்டிய தம்பி ஒரே ஓட்டையை இரண்டாவது முறையாக ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய பனியன் துணியால் டயரின் உட்புறத்தைச் சுற்றித் தடவினால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

காய்ந்த சேற்றை ரோடு என்று நினைப்பது

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சதுப்பில் தண்ணீர் வற்றிய இடங்கள் வெள்ளை வெளேரென்று, சிமெண்டு பூசிய களம்போலக் கிடக்கும். தூரத்தில் பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். நடுவில் தடையே இல்லை, நேராகப் போய்விடலாம் என்று கை தானாகத் திரும்பும். அந்த நால்வரில் ஒருவரும் திருப்பினார். போகாதீர்கள் தம்பி என்றேன். "காய்ந்துதானே கிடக்கிறது அண்ணா?" என்றார். முப்பது அடிகூடப் போகவில்லை, முன்சக்கரம் பாதிவரை இறங்கிவிட்டது.

காய்ந்திருப்பது மேலே உள்ள தோல் மட்டும். ஒரு அங்குல உப்புப் பொருக்குக்குக் கீழே, அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சேறு வெண்ணெய்போல இருக்கும். ஆளையும் மூட்டையையும் இரண்டு ஒல்லி டயர்கள் அந்தத் தோலின்மீது தாங்கி நிற்பது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் மட்டக்குதிரைகளின் குளம்புத் தடத்தைக் குனிந்து பாருங்கள். தடத்தின் அடியில் கறுப்பாக மினுமினுத்தால் தரை இன்னும் இறுகவில்லை என்று பொருள். அடி காய்ந்திருந்தாலும் போகக் கூடாது. அது உள்ளான்கள் இரை தேடும் தட்டு. அங்கே ஓட்டினால் பறவைகளைக் கிளப்பிவிட்டவர் ஆவீர்கள், வனத்துறையிடம் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். எந்தத் தடத்தில் சைக்கிள் விடலாம் என்று நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேற்றில் இறங்கியது பாதிப் பிழைதான். மீதி, சைக்கிளை வெளியே இழுத்தபின் நடப்பது. நான் முதன்முதலாக மாட்டிய அன்று, வழியில் இருந்த கைப்பம்பில் சைக்கிளைப் பளபளவென்று கழுவினேன். அடித்து அடித்துத் தோள் வலித்தது. செயின் காய்ந்ததும் எண்ணெய் விட்டேன். ஊர் திரும்பித் திண்ணையோரம் சாத்திவிட்டுப் பதினாறு நாள் தொடவில்லை. பொறுப்பான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

பதினேழாம் நாள் செயின் வளையவில்லை. ஒவ்வொரு கண்ணியும் செங்கல் நிறத்தில் இறுகி, கையில் எடுத்தால் காய்ந்த முருங்கைக்காய்போல விறைத்து நின்றது. பெடல் அச்சைச் சுற்றினால் உள்ளே மணல் அரைக்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேல் சீட் பில்லர், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். சட்டம் இரும்பு, பில்லர் அலுமினியம். உப்புநீர் நடுவில் நின்றால் இரண்டு உலோகங்களும் பேட்டரிபோல வேலைசெய்து அலுமினியத்தைத் தின்னும். தின்ற இடத்தில் வெள்ளைப் பொடி உப்பி, பில்லரைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடித்துவிடும். சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைத்தார், கடைசியில் ரம்பத்தால் அறுத்து, உள்ளே மிஞ்சியதைக் கீறிக் கீறி எடுத்தார். இரண்டு நாள் வேலை. செயின், பின்சக்கரப் பற்சக்கரமான ஃப்ரீவீல், அச்சுக்குள் உருளும் குண்டுகள், பில்லர் எல்லாம் சேர்த்து வந்த தொகைக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கலாம். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி: "எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?"

அந்தக் கைப்பம்புத் தண்ணீரே உப்புக் கரித்தது. தாகத்தில் நானே இரண்டு வாய் குடித்துத் துப்பியிருந்தேன். நாக்குக்குத் தெரிந்தது மூளைக்கு எட்டவில்லை. உப்பை உப்பாலேயே கழுவி, அதன்மேல் எண்ணெய் பூசி மூடி வைத்திருக்கிறேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் பகலில் காய்ந்த செயின் இரவில் மறுபடியும் நனையும். கூரைக்குக் கீழே, மழையே படாமல், பதினாறு நாளும் துரு வளர்ந்திருக்கிறது.

ஆகவே கழுவும் முன் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், சேற்றை வழித்துவிட்டு அன்றிரவே நல்ல தண்ணீருக்குக் கொண்டுபோங்கள். குவளையால் மேலிருந்து கீழே மெதுவாக, நிறைய ஊற்றுங்கள். வண்டி கழுவும் இடத்துப் பீச்சுக் குழாயை அச்சுகளின் பக்கம் காட்டாதீர்கள், வெளியே இருக்கும் உப்பை அது குண்டுகளுக்குள் செலுத்திவிடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். சீட் பில்லரைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். இதைப் புறப்படுவதற்கு முன்பும் செய்யலாம். சேற்றில் இறங்காவிட்டாலும் கடற்காற்றில் இரண்டு நாள் ஓட்டினாலே இத்தனையும் தேவைப்படும்.

சேற்றில் இறங்கிய அந்தத் தம்பியும் கைப்பம்பைத்தான் தேடினார். டீக்கடைக்காரரிடம் குடிநீர்க் குடம் ஒன்றை விலைக்கு வாங்கி ஊற்றவைத்தேன். குடிநீரைச் சைக்கிளுக்கா என்று கடைக்காரர் பார்த்த பார்வை நியாயமானதுதான்.

மணலில் மிதிப்பது

இறங்கித் தள்ளுங்கள்.

வெளிமானைப் பார்த்ததும் பிரேக் பிடிப்பது

சீராகப் போகும் சைக்கிளை வெளிமான்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சடக்கென்று நிறுத்திக் காலை ஊன்றினால்தான் கலைகின்றன. என் அனுபவம் இது. மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். முறுக்கிய கொம்போடு கிடா தலையைத் தூக்கிப் பார்க்கும், பிறகு புல்லுக்குக் குனியும். படம் எடுக்க வேண்டுமானால் தாண்டிப் போய் நில்லுங்கள்.

இருட்டியபின் திரும்பலாம் என்றிருப்பது

கூடாது.

குரங்குகள் இருக்கும் இடத்தில் பையைக் கேரியரில் விட்டுப் போவது

திரும்பி வரும்போது பை இருக்கும். பை மட்டும்.