நுண்துளை அறுவையில் சூடான வாயு: 43 டிகிரியை எங்கே அளப்பது?

இரைப்பைப் புற்று சுவரைத் தாண்டி வெளிப்பரப்புக்கு வந்துவிட்டால், கட்டியை முழுதாக எடுத்த பிறகும் வயிற்றறைக்குள் புற்றுச் செல்கள் உதிர்ந்து கிடக்கலாம். நுண்துளை அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கும் கார்பன் டை ஆக்சைடையே சூடாக்கி அவற்றைக் கொல்வது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. 37 டிகிரி வாயு பல இடங்களில் புழக்கத்தில் உண்டு. 43 டிகிரிக்குப் போக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

முதலில் ஈரப்பதம். சிலிண்டர் வாயு அறைச் சூட்டில், ஏறக்குறைய ஈரமே இல்லாமல் வருகிறது. 43 டிகிரி உலர் வாயு ஒரு லிட்டர் 37-க்கு இறங்கும்போது தரும் வெப்பம் சுமார் 9 ஜூல். அதே லிட்டர் வயிற்றுச் சவ்விலிருந்து 44 மில்லிகிராம் நீரை உறிஞ்சும்போது 100 ஜூலுக்கு மேல் பறித்துவிடும். கொதிக்கக் கொதிக்க அனுப்புவதாக நினைப்போம். உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும், சவ்வும் காயும். ஈரம் நிரம்பிய வாயுவோ லிட்டருக்குச் சுமார் 45 ஜூல் தரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினாலும் அது 8 வாட்டுக்குள்தான். ரத்த ஓட்டம் அதையும் அள்ளிப் போகும். ஆகவே கருவியின் திரையில் தெரியும் 43 திசுவின் 43 அல்ல.

ஈரமூட்டியில் ஸ்டெரைல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சலைன் ஊற்றினால் உப்புப் படியும். சூடேற்றும் கம்பி உள்ள டியூபைத் தொய்வில்லாமல் ட்ரோகாரில் (துளை வழியே வயிற்றுக்குள் செருகும் குழாய்) இணையுங்கள். தொய்வில் நீர் தேங்கினால் அடைப்பு அலாரம் அடிக்கும், அழுத்தமும் தப்பாகக் காட்டும். எதிர்ப்பக்க ட்ரோகாரில் வால்வும் ஃபில்டரும் வைத்து வாயுவைத் தொடர்ந்து வெளியேற்றுங்கள். அடைந்து நிற்கும் வாயு நொடிகளில் ஆறிவிடும். அழுத்தம் 12 மி.மீ. பாதரசம். வெப்ப உணரிகள் மூன்று: உதரவிதானத்துக்குக் கீழ், சிறுகுடல் அருகில், இடுப்புக்குழியில். மூன்றில் குறைவாகக் காட்டுவதையே கணக்கில் எடுங்கள்; 43-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க மட்டும் அதிகமானது.

ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகும்? 43-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் செல்களைக் கொல்லத் தேவையான நேரம் நான்கு மடங்காகிறது. 43-ல் 60 நிமிடம் என்றால் 42-ல் 4 மணி நேரம், 41-ல் 16 மணி நேரம். 43-க்கு மேலே போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகக் குறையும், ஆனால் குடலும் சேர்ந்து வேகும்.

அனஸ்தீசியா பக்கம்: வெப்பக் காற்றுப் போர்வையை நிறுத்துங்கள். உணவுக்குழாய் உணரி 39-ஐ நெருங்கினால் வாயுச் சூட்டைக் குறையுங்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூச்சு அளவைக் கூட்டுங்கள், தமனி ரத்த வாயுவை இடையிடையே பாருங்கள். கேமரா லென்ஸ் மங்கினால் துடைத்துப் பயனில்லை. குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படிகிறது, ஸ்கோப்பை முன்கூட்டியே சூடாக்கி உள்ளே விடுங்கள்.