ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? முதலில் சிவப்பு எழுத்தைப் படியுங்கள்

ரன் பட்டனை அழுத்துகிறோம். திரை ஒரு நொடி எட்டிப் பார்க்கிறது, ஆப் மூடிக்கொள்கிறது. உடனே கோடில் நாலு இடத்தில் கைவைப்போம், எங்கிருந்தோ ஒரு துண்டை எடுத்து ஒட்டுவோம், ப்ராஜெக்டை க்ளீன் செய்து மறுபடி பில்ட் போடுவோம். இப்படியே பல ராத்திரிகளைத் தொலைத்தவன் நான். பிழை எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் என்று பெரும்பாலும் லாகிலேயே, அதாவது ஆப் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவிலேயே, சிவப்பில் எழுதியிருக்கும். அதைப் படிக்கத்தான் பொறுமை இருக்காது.

படி 1: லாகைத் திறந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் கீழ்ப்பகுதியில், லாகைக் காட்டும் லாக்கேட் இருக்கிறது. போனில் நடப்பதெல்லாம் அங்கே கொட்டும், மிரள வேண்டாம். உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரை (ஆப்பை அடையாளம் காட்டும் தனிப்பெயர்) வைத்து வடிகட்டுங்கள். பழைய லாகை அழித்துவிட்டு, ஆப்பை இன்னொரு முறை க்ராஷ் ஆக விடுங்கள். ‘ஃபேட்டல் எக்ஸெப்ஷன்’ (ஆப்பையே நிறுத்திவிடும் பிழை) என்று வருகிற இடம்தான் ஆரம்பம்.

டெஸ்க்டாப் ஆப் என்றால் ஐகானை டபுள் க்ளிக் செய்யாமல் டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். இல்லையென்றால் பிழைச் செய்தியும் ஜன்னலோடு சேர்ந்து மறைந்துவிடும்.

படி 2: எந்த வரியைப் படிப்பது?

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். ஜாவாவில் எழுதிய ஒரு சின்ன ஆப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வரி ‘ரன்டைம் எக்ஸெப்ஷன், ஆக்டிவிட்டியைத் தொடங்க முடியவில்லை’ என்கிறது. இது வெறும் மேலுறை. கீழே இறங்கினால் ‘காஸ்ட் பை’ (Caused by, இதனால் நேர்ந்தது) என்று தொடங்கும் வரி வரும். அப்படிப் பல இருந்தால் கடைசியாக வருவதைப் பிடியுங்கள், பெரும்பாலும் மூலக் காரணம் அதுதான். நம் உதாரணத்தில் அது நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்: நல் (null) என்றால் வெறுமை, இல்லாத ஒன்றைப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறோம். அதன் கீழே ஆண்ட்ராய்டின் சொந்த வரிகளைத் தாண்டி, உங்கள் பேக்கேஜ் பெயர் உள்ள முதல் வரியைத் தேடுங்கள்: மெயின் ஆக்டிவிட்டி, வரி 27.

போய்ப் பார்த்தால் அங்கே பட்டனுக்கு க்ளிக் லிசனர் (அழுத்தினால் ஓட வேண்டிய கோட்) வைத்திருக்கிறோம். வரியில் தப்பே இல்லை! பட்டன்தான் நல் ஆக இருக்கிறது. ஏன்? பட்டனைத் தேடும் ஃபைண்ட் வியூ பை ஐடி 26ஆம் வரியில், திரையை வைக்கும் செட் கன்டென்ட் வியூ 30ஆம் வரியில். திரையை வைப்பதற்கு முன்பே அதில் பட்டனைத் தேடியிருக்கிறோம். 30ஆம் வரியை மேலே ஏற்றினால் முடிந்தது. லாக் காட்டுவது பிழை வெடித்த இடத்தை. அது பிறந்த இடம் சில வரிகள் தள்ளி இருக்கலாம்.

பைத்தான்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே வரிசை தலைகீழ். பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும், கீழிருந்து மேலே படியுங்கள்.

படி 3: மூடவில்லை, உறைந்து நிற்கிறது

ஆப்பின் வேலைகள் வரிசையாக ஓடும் தடம்தான் த்ரெட். திரையை வரைவதும் தொடுதலைக் கவனிப்பதும் மெயின் த்ரெட்டின் வேலை. பெரிய ஃபைலைப் படிப்பதையும் அதன் தலையிலேயே கட்டினால், அது முடியும்வரை பட்டன் எதுவும் அசையாது. தொடுதலுக்கு 5 நொடி பதில் இல்லையென்றால், ஆப் பதிலளிக்கவில்லை என்று ஆண்ட்ராய்டு முறையிடும். நெட்வொர்க் வேலையை மெயின் த்ரெட்டில் வைத்தால் ஆண்ட்ராய்டு 3.0 முதல் நேரடியாக எக்ஸெப்ஷனே வீசும்.

கனமான வேலையைப் பின்னணி த்ரெட்டுக்குத் தள்ளுங்கள். ஆனால் அங்கிருந்தபடியே திரையைத் தொட்டால் இன்னொரு க்ராஷ். முடிவை மெயின் த்ரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும்: ஆண்ட்ராய்டில் ரன் ஆன் யூஐ த்ரெட், விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப்களுக்கான வின்ஃபார்ம்ஸில் இன்வோக்.

படி 4: இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை

சர்வர் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது, எமுலேட்டரிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) லோக்கல்ஹோஸ்ட்டை (‘இதே இயந்திரம்’ என்று பொருள்படும் முகவரி) அழைத்தால் இணைப்பு மறுக்கப்படுகிறதா? எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த எமுலேட்டரேதான். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 10.0.2.2. அப்போதும் வரவில்லையென்றால், முகவரி எச்டிடிபிஎஸ் இல்லாத வெறும் எச்டிடிபியா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 9-ஐயும் அதற்குப் பிந்தையவற்றையும் இலக்காகக் கொண்ட ஆப்களில் அது இயல்பாகவே தடுக்கப்படும்.

டெஸ்க்டாப்பில் வழக்கமான குற்றவாளி ஃபைல் பாதை. வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், ஆப் எந்த ஃபோல்டரிலிருந்து இயக்கப்பட்டதோ அங்கேதான் தேடும். நடப்பு ஃபோல்டரை ஒரு முறை ப்ரின்ட் செய்து பாருங்கள், பாதி சந்தேகம் தீரும்.

படி 5: ரிலீஸ் பில்டில் (வெளியிடத் தயாரான ஆப்) மட்டும் க்ராஷ்

ஆண்ட்ராய்டின் சுருக்கும் கருவியான ஆர்8 கோடைச் சுருக்கும்போது க்ளாஸ் பெயர்களை ஓரெழுத்தாக்கிவிடும், லாகைப் படித்தாலும் ஒன்றும் புரியாது. பழைய பெயர்களைத் திரும்பப் பெற அந்த பில்டோடு உருவான மேப்பிங் ஃபைல் வேண்டும். அடுத்த பில்ட் அதன்மேலேயே எழுதிவிடும் என்பதால், ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு நகலை, வெர்ஷன் எண்ணோடு, தனியாக எடுத்து வையுங்கள்.