இறங்கும் முன் இன்னும் ஒரே ஓர் இடம்: வார இறுதி மலைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், பர்லியாறுக்குச் சற்று மேலே ஒரு கார் ஓரங்கட்டி நின்றிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெளிறிய புகை வந்தது. ஏற்றிவிட்ட கண்ணாடியையும் மீறி அந்தக் கருகல் வாடை எங்கள் வண்டிக்குள் நுழைந்தது. இளம் தம்பதி, திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தால் அதிகம். அந்தப் பெண் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி சாலையோரத் திண்டில் உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞர் எவர்சில்வர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் ஊற்றப்போகிறார் என்று புரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

"தம்பி, ஊற்றாதீர்கள்!"

"சூடு தணியட்டுமே என்று பார்த்தேன் அண்ணா."

கொதிக்கும் பிரேக் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும். சில சமயம் விரிசலே விடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், 11 ஆண்டுகளுக்கு முன்னால் ஏறக்குறைய இதே இடத்தில் நானே ஊற்றியிருக்கிறேன்.

உறவிலோ அலுவலகத்திலோ யார் இரண்டு நாள் மலைக்குக் கிளம்பினாலும் என்னிடம் வந்து திட்டம் போட்டுத் தரச் சொல்வார்கள். போட்டுத் தருவேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்துவிட்டு வருவார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை நம்புவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. "அறுபது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்" என்று சொல்பவர் அந்த வளைவு ஒன்றில் எதிரே பஸ் வரும்போது பின்னால் எடுக்கவேண்டிய நிலைக்கு வந்ததில்லை. நான் சமவெளி நேரத்தை இரண்டரையால் பெருக்கிக்கொள்வேன். குழந்தை இருந்தால் அதற்கு மேல் அரை மணி; அது எப்படியும் எங்காவது ஒரு வளைவில் வாந்தி எடுக்கும்.

விடியற்காலையில் போய்ச் சேருவது

வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் கிளம்பி, இரவெல்லாம் ஓட்டி, சனிக்கிழமை விடியும்போது மலையில் இருப்பது. தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு நாள் மிச்சம் போலத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பரில் அதிகாலை 5 மணிக்குக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். அறை நண்பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும் என்று விடுதிக் காவலாளி கம்பளிக்குள்ளிருந்தபடியே சொன்னார். மகளைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, இருந்த துண்டுகளையெல்லாம் போர்த்தினோம். ஏழு மணி நேரம் காருக்குள்ளேயே கழிந்தது. அறை கிடைத்ததும் மூவரும் படுத்தவர்கள், மாலை 5 மணிக்கு எழுந்தோம். சனிக்கிழமை போயே போய்விட்டது.

தூங்காத கண்ணோடு பனிமூட்டத்தில் மலையேறுவது இதைவிட மோசம். சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கிளம்புங்கள். இல்லையென்றால் வெள்ளி இரவுக்கும் சேர்த்தே அறை எடுத்துவிடுங்கள். 'சீக்கிரம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று தொலைபேசியில் சொன்னவர், நீங்கள் போய் நிற்கும்போது வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

இறங்கும் முன் இன்னும் ஒரே ஓர் இடம்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

அது ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டிய வார இறுதி. என் காரில் நானும் மனைவியும் மகளும், மைத்துனரும் அவர் மனைவியும். மைத்துனர் வீட்டாருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் டிக்கெட் போட்டிருந்தோம். ஊட்டியில் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஏற்றி, குன்னூர் வந்து, சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டு. அப்படியே இறங்கியிருக்க வேண்டும்.

"மாமா, டால்பின் நோஸ் இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர்தானே? ஒரே ஓர் இடம். பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்."

போனோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப்பாதையைச் சற்றே அகலப்படுத்தினாற்போன்ற சாலை. போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றையொன்று உரசாமல் கடப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கேத்தரின் அருவி தெரியும் என்று சொன்ன திசையில் சுவர் எழுப்பினாற்போல வெள்ளை மூட்டம். மைத்துனர் அதையும் நான்கு படம் எடுத்தார். திரும்பக் குன்னூர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. நீலகிரிக்கு வந்த அத்தனை பேரும் அதே நேரத்தில், அதே சாலையில்.

ஊர்ந்து இறங்கினோம். ஐந்து அடி நகர்வது, நிற்பது, மறுபடி ஐந்து அடி. காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் வாடை வந்தது. முன்னால் போகும் லாரியிலிருந்து என்று நினைத்தேன். பிறகு பெடல் பஞ்சை மிதிப்பதுபோல உள்ளே போனது. கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி, மனைவி ஓடிப்போய்க் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. அதன்பிறகுதான் அந்தத் தண்ணீர். 'சுர்ர்' என்ற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ரயில் போய்விட்டது. இரண்டு டிக்கெட் பணம் வீண். மைத்துனர் மறுநாள் கிடைத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார். காருக்கு முன்பக்க டிஸ்க் இரண்டையும், பிரேக் பேடுகளையும், பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாதம் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

என் அண்ணி பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கதையைக் கேட்டுவிட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். குன்னூர் ரயில் நிலையம் 1,700 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஆட்களும் மூட்டை முடிச்சுமாக ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமாம். அந்தச் சூட்டை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் உள்ளங்கை அளவுள்ள பிரேக் பேடுகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பேடு அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் போய்விடும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். அந்தக் குமிழைத்தான் நான் பஞ்சு என்று மிதித்திருக்கிறேன்.

ஆகவே ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது, நெரிசலில் முதலாவது. தானியங்கி கியர் வண்டி என்றால் அதைத் தாழ்ந்த கியரிலேயே நிறுத்திவைக்க வழி இருக்கும். வீட்டிலேயே கையேட்டைப் புரட்டிப் பழகிவிட்டு வாருங்கள். பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள்; மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். வாடை வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். தண்ணீர் வேண்டாம், அரை மணியோ முக்கால் மணியோ காற்றிலேயே ஆறட்டும்.

இதெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கான பாடம். ஆனால் என் எரிச்சல் கியரைப் பற்றியது அல்ல. நன்றாக ஓட்டத் தெரிந்தவரும் ஞாயிறு மாலை நெரிசலில் மாட்டினால் பிரேக்கைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். தவறு நடப்பது மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மேசையில். 'ஒரே ஓர் இடம்' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் முகம் பார்த்து, யாரும் மறுக்காமல் விட்டுவிடும் அந்த நொடியில்.

நான் போட்டுத் தரும் திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை உணவோடு முடிந்துவிடும். பத்து மணிக்கு வண்டி இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். சுற்றிப் பார்க்க ஆசை மிச்சமிருந்தால் கீழே போய்ச் சுற்றுங்கள். திங்கட்கிழமை விடுப்புக் கிடைக்குமென்றால் இன்னும் நல்லது, சனியை விட்டுவிட்டு ஞாயிறும் திங்களுமாகப் போங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வடிந்தபின் மலை எப்படி இருக்கும் என்பது, அந்நேரம் பர்லியாறு வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

இதை எழுதியே கொடுத்த ஓர் அலுவலக நண்பர் திங்கட்கிழமை 11 மணிக்குச் சிவந்த கண்களோடு வந்தார். "நீங்கள் சொன்னது சரிதான் சார். பைன் காடு ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதனால்..." என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தம்பதிக்குப் போட்ட திட்டத்தில் அம்மாவை ஏற்றுவது

இருவர் போகும்போது ஒரு நாளில் ஐந்து இடம் தாங்கும். அதே தாளை வைத்துக்கொண்டு ஆறு பேரோடு கிளம்பினேன், கொடைக்கானலுக்கு. முதல் இடத்தில் அம்மா இறங்கி வந்தார். இரண்டாவது இடத்தில் படிகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் போய்விட்டு வாருங்கள்ப்பா, நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்றார். மூன்றாவது இடத்தில் நாங்கள் கேட்கவேயில்லை. திரும்பி வந்தபோது கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு, வாகன நிறுத்தத்தில் நின்ற பஸ்களின் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872-இல் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே சமவெளி தெரிவதும் மேகம் வந்து மூடுவதுமாக இருந்தது. இரண்டு மணி நேரம் அசையவில்லை. முழங்கால் வலி உள்ளவர் வந்தால் ஒரு நாளைக்கு ஓர் இடம், அங்கே உட்கார நல்ல இருக்கை. கைக்குழந்தைக்கும் இதே கணக்குதான்.

மலை ரயிலைப் போக்குவரத்து என்று நினைப்பது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு நாளை ரயிலுக்கே எழுதிவைத்துவிடுங்கள். சிறு குழந்தைகளோடு ரயில் ஆசை மட்டும் தீரவேண்டும் என்றால் குன்னூரிலிருந்து ஊட்டிவரை போதும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. வார இறுதி டிக்கெட் வேண்டுமென்றால் அன்று காலையே உட்காருங்கள்.

இ-பாஸ்

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்குக் கட்டாயம். 2025 கோடையில் வார இறுதி நாள் ஒன்றுக்கு நீலகிரியில் 8,000 வண்டி, கொடைக்கானலில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கோடையில் போவதென்றால் பாஸை வாங்கிவிட்டு அறைக்குப் பணம் கட்டுங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

பிளாஸ்டிக் பாட்டில்

நீலகிரிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

முதுமலை வழியாக மைசூர்ச் சாலை

இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூரில் மூடியிருக்கும். கெஞ்சினாலும் திறக்காது.

குரங்குக்கு பிஸ்கட்

வேண்டாம்.

பருவம் பார்க்காமல் கிளம்புவது

குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத ஏப்ரலில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அங்கே சீசன். வெள்ளம் மிகுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள். மூணாறு போகிறவர்கள் வரையாடு பார்க்க இரவிகுளம் என்று எழுதிக்கொள்வார்கள். ஆடுகள் குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அது மூடியிருக்கும்.

நீலக்குறிஞ்சி பூத்துவிட்டதா என்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒருவராவது கேட்கிறார். பெருவாரியாகப் பூப்பது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. கடைசியாக 2018, அடுத்தது 2030. அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அந்தப் பக்கமே இருக்கமாட்டேன்.